கடலுக்குத் திருப்பிய பொக்ஸ்கள்

சாய்ந்தமருதில் யாராவது ஒரு நிகழ்ச்சி வைக்க நினைத்தால், முதலில் பந்தல்காரரைப் பார்ப்பார்கள், அடுத்து றாஸிக்கைப் பார்ப்பார்கள். கல்யாணம், மீலாத் விழா, பாடசாலை விளையாட்டுப் போட்டி, கட்சிக் கூட்டம் எதுவானாலும் சரி, 'றாஸிக் சவுண்ட்ஸ்' என்று மஞ்சள் எழுத்தில் எழுதிய கறுப்பு ஒலிபெருக்கிப் பொக்ஸ்கள் மேடையின் இரண்டு பக்கமும் நிற்கும். மாளிகைக்காட்டிலிருந்து மருதமுனை வரைக்கும் அந்தப் பொக்ஸ்களுக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது. அவை உறுமுவதில்லை.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். மேடையில் பேசுகிறவர் மூச்சு வாங்க நிறுத்தும்போது, பெரும்பாலான ஒலிபெருக்கிகளில் கருவண்டு சுற்றுவது போல ஒரு சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். ஏர்த் வயரைச் சரியாகக் கொடுக்காததால் வருவது அது. றாஸிக்கின் பொக்ஸில் அப்படி ஒரு சத்தத்தை எவரும் கேட்டதில்லை. "என்ட பொக்ஸ் உறுமின அண்டைக்கு நான் தொழில விட்டுப்போட்டு மீன் விக்கப் போயிருவன்" என்று அவர் தேத்தண்ணிக்கடையில் வைத்துப் பகிரங்கமாகச் சொல்லியிருக்கிறார்.

ஆள் குள்ளம். வேலையில் சுறுசுறுப்பு. யாருடைய வாகனத்தையும் வீடு வளவையும் பார்த்து ஏங்குகிறவர் அல்ல. அக்கரைப்பற்றில் புதிதாக ஒருவர் அவரைவிடப் பெரிய பொக்ஸ்கள் இறக்கியபோது, தானே போய்ப் பார்த்து, நல்ல சாமான் என்று வாயாரச் சொல்லிவிட்டு வந்தார். அவருடைய பொறாமை முழுவதும் ஒரே ஒரு ஆள்மீதுதான். அந்த ஆள் இருந்தது மெல்பேர்னில்.

இன்பாஸ், றாஸிக்கின் மனைவி முஸ்பிறாவுக்கு மாமா மகன். முஸ்பிறாவின் தாய் ஆயிஷா உம்மாவின் உடன்பிறந்த தம்பியின் பிள்ளை. மாமா மகன் என்றால் இந்தப் பக்கத்தில் உரிமை மச்சான். முஸ்பிறா சிறுபிள்ளையாக இருந்தபோதே இருவருக்கும் பேசி வைத்திருந்தார்கள். மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்து மாப்பிள்ளையை அந்த வீட்டுக்கு எடுப்பதுதான் வழக்கம் என்பதால், ஆயிஷா உம்மா காலத்தோடு வீட்டு வேலையைத் தொடங்கினார். இன்பாஸ் அப்போதே பனை போல வளர்ந்திருந்தான். வரப்போகிற மருமகன் குனிந்து நுழையக் கூடாது என்று வாசல் நிலைகளை எல்லாம் உயர்த்தி வைக்கச் சொன்னதும் அவர்தான். மேசன் இரண்டு தரம் கேட்டுவிட்டுத்தான் வைத்தார்.

வீடு பூசி முடிவதற்குள் இன்பாஸ் படிக்கவென்று அவுஸ்திரேலியா போனான். போன இடத்தில் கிட்டாரைப் பிடித்துக்கொண்டான். தனக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று மாமிக்குச் சொல்லி அனுப்பிவிட்டான். இரண்டு வருடம் கழித்து அந்த உயரமான நிலைகளுக்குக் கீழே மாப்பிள்ளையாக நுழைந்தவர் றாஸிக். குனியத் தேவையே இருக்கவில்லை. தலைக்கு மேலே இன்னொரு சிறு ஆள் நிற்குமளவுக்கு இடம் கிடந்தது. அன்றிலிருந்து இன்றுவரை, குசினிக்குப் போனாலும் குளிக்கப் போனாலும், தலைக்கு மேல் உள்ள அந்த வெறும் இடத்தில் இன்பாஸ் நிற்பதாகவே அவருக்குப் பட்டது. முஸ்பிறாவோடு அவர் நல்ல வாழ்க்கைதான் வாழ்ந்தார். ஆனால் இன்னொருவனுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு திரிகிற கூச்சம் அவரை விட்டுப் போகவில்லை.

இது வீட்டுக்குள் இருந்தவரைக்கும் பரவாயில்லை. சென்ற வருடம் ஆனி மாதம் அது தெருவுக்கு வந்துவிட்டது.

இன்பாஸின் றொக் இசைக்குழு 'கரவாகு' என்று ஒரு புதிய அல்பத்தை வெளியிட்டது. கரவாகு என்பது இந்தக் கரையின் பழைய பெயர். அல்பத்தை எடுத்துக்கொண்டு அவர்கள் பல நாட்டு இசைப் பயணம் புறப்பட்டார்கள். சிங்கப்பூர், கொழும்பு, சாய்ந்தமருது, மட்டக்களப்பு, யாழ்ப்பாணம், பிறகு சூரிச், பாரிஸ், லண்டன். அந்த வரிசையில் தங்களுடைய ஊர்ப் பெயரைக் கண்ட இளைஞர்கள் விளம்பரத்தைப் படமெடுத்து ஒருவருக்கொருவர் அனுப்பினார்கள். அல்பத்தில் ஒரு பாட்டு 'பச்சக் குட'. அதன் பல்லவி மட்டும் ஒரு துண்டு வீடியோவாக எல்லாருடைய கைத்தொலைபேசிக்கும் வந்து சேர்ந்தது.

*பச்சக் குடயொண்டு பள்ளித் தெருவால போகுது,*
*பாத்து நிண்டவன் உசிர் பாதி அதோட போகுது.*

பச்சைக் குடை யாருடையது என்று ஊருக்குத் தெரியும். முஸ்பிறாவின் வாப்பா சவூதியில் இருந்து கொண்டுவந்த குடை அது. கிளியின் பச்சை. அந்த நிறத்தில் இந்தத் தெருக்களில் அந்தக் காலத்தில் வேறு குடை இருக்கவில்லை. அதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் ரியூசனுக்குப் போய் வந்தாள்.

தேத்தண்ணிக்கடை ஸஹீத் முதல் ஆளாகக் கேலியைத் தொடங்கினார். அவர் விளையாட்டுக் கழகத்தின் தலைவரும்கூட.

"றாஸிக் காக்கா, உங்கட ஊட்டுப் பாட்டு உலகமெல்லாம் போகுதாமே!"

"என்ட ஊட்டில பாட்டு இல்ல. பொக்ஸ்தான் இரிக்கி."

"குட இரிக்கா இன்னும்?"

"குட எப்பவோ முறிஞ்சி போயித்து."

"குட முறிஞ்சாலும் உசிர் பாதி அவனுக்கிட்டத்தான் இரிக்கி போல" என்று மூலையில் இருந்த ஒருவர் சொல்ல, கடை முழுதும் சிரித்தது. றாஸிக்கும் சிரித்தார். பாதித் தேத்தண்ணியைக் குடிக்காமல் எழும்பி வந்தார்.

அதற்குப் பிறகு அவர் காரணமில்லாமல் பகலில் வீட்டுக்கு வரத் தொடங்கினார். மறந்துபோன ஸ்குறூ ட்ரைவர், தேடாத வயர் என்று ஏதாவது சொல்லிக்கொண்டு வருவார். ஒருநாள் முஸ்பிறா கீரி மீன் கழுவிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள். அவர் குசினி வாசலில் காதைக் கொடுத்து நின்றார். எந்த மேடையில் எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறதென்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவருக்கு, சொந்தப் பொண்டாட்டி முனகுவது என்ன பாட்டென்று பிடிபடவில்லை.

"என்ன அது படிக்கிறாய்?"

"நான் எங்க படிச்ச? பூனைய விரட்டினன்."

அவளிடம் நேராகக் கேட்டிருக்கலாம். கேட்டால், ஓம் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம்.

ஆவணி விடுமுறையில் நிகழ்ச்சி என்று முடிவானது. ஸஹீத் பொக்ஸுக்குச் சொல்ல வந்தபோது, மாட்டேன் என்று சொல்லத்தான் றாஸிக்குக்கு நாக்கு எழும்பியது. ஆனால் மாட்டேன் என்றால் அதற்குக் காரணம் என்னவென்று ஊர் அன்றைக்கே எழுதி ஒட்டிவிடும். அக்கரைப்பற்றுக்காரரின் பொக்ஸ்கள் வந்து இறங்கும். அவர் சம்மதித்தார். சம்மதித்த அந்த நிமிடமே மனத்துக்குள் ஒன்றையும் முடிவு செய்துகொண்டார். அவன் எத்தனை பாட்டையும் பாடிவிட்டுப் போகட்டும். அந்த ஒரு பாட்டு மட்டும் இந்த ஊரில், இந்தச் சனத்துக்கு முன்னால், தன்னுடைய பொக்ஸ் வழியாக வெளியே வரக் கூடாது.

வழி தானாகவே அமைந்தது. பள்ளிவாசல் நிருவாகத்தார் கடற்கரை மைதானத்தில் நிகழ்ச்சி நடத்த இணங்கி, ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள். பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு தொடங்க வேண்டும், பொழுதுபட்டு மஃரிப் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொன்னதும் முடிக்க வேண்டும். அதற்குப் பிறகு ஒரு தந்தியும் அதிரக் கூடாது. ஸஹீத் தலைமேல் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாக ஒத்துக்கொண்டு வந்தார். பாட்டு வரிசையும் வந்தது. எல்லாரும் கேட்கக் காத்திருக்கிற பாட்டு என்பதால் 'பச்சக் குட' கடைசியில் நின்றது. றாஸிக் வரிசையைப் பார்த்தார். பொழுதைப் பார்த்தார். தொடக்கத்தில் கொஞ்ச நேரத்தைத் தின்றுவிட்டால் போதும். மிச்சத்தைப் பாங்கு பார்த்துக்கொள்ளும்.

இன்னொரு காரியமும் இருந்தது. நிகழ்ச்சிக்கு முந்திய நாள் முஸ்பிறாவிடம் அவர் மெதுவாகக் கேட்டார்.

"நாளைக்கு வாறியா கடற்கரைக்கு? பொம்பிளையளுக்கு வேறயா இடம் போட்டிரிக்கி."

"ஐயோ, அந்தச் சனத்துக்குள்ள எனக்குத் தலையிடி. உங்கட பொக்ஸ்தானே, ஊட்டுலரிந்தே வடிவாக் கேக்கும்."

அந்த 'வடிவாக் கேக்கும்' அவரைச் சுட்டுவிட்டது. அவர்களுடைய வீடு கடற்கரையில் இருந்து மூன்றாவது தெருவில். வழமையாக மேடையைக் கடலுக்கு முதுகு காட்டிப் போடுவார்கள். பொக்ஸ்கள் ஊரைப் பார்த்து நிற்கும். அன்று மாலையே றாஸிக் மைதானத்துக்குப் போய் மேடைக்காரரை நிறுத்தினார். "பின்னேர வெயில் மேற்கால அடிக்கும். படிக்கிறவங்கட கண்ணுக்க வெயில் குத்தினா எப்பிடிப் படிக்கிற? மேடைய றோட்டுப் பக்கம் போடுங்க. மூஞ்சி கடலுக்கு இரிக்கட்டும்" என்றார். அது உண்மையான காரணமும்தான். யாராலும் மறுக்க முடியாத காரணம். அதோடு ஆவணியில் கச்சான் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசும். கடலைப் பார்த்த பொக்ஸில் இருந்து போகும் சத்தத்தைக் கச்சான் அள்ளிக்கொண்டு போய்த் தோணிக்காரருக்குக் கொடுக்கும். மூன்றாம் தெருவுக்கு ஒன்றும் வராது.

நிகழ்ச்சியன்று பிற்பகல் ஒரு வெள்ளை வேனில் இசைக்குழு வந்து இறங்கியது. சனம் சுற்றிக்கொண்டது. இன்பாஸ் எல்லாரையும் விலக்கிக்கொண்டு நேரே றாஸிக்கிடம் வந்தான். தோள்வரைக்கும் முடி, காதுக்குப் பக்கத்தில் நரை. குனிந்துதான் கட்டிப்பிடிக்க வேண்டியிருந்தது.

"காக்கா! நீங்கதான் சவுண்ட் எண்டு ஸஹீத் சொன்ன. அப்பதான் எனக்கு நிம்மதி."

"ஓம் தம்பி. நல்லா இரிக்கியளா?" என்று மட்டும் றாஸிக் சொன்னார்.

ட்ரம்ஸ் அடிப்பவன் காரைதீவுப் பையன், பிரசாந். அவனும் மெல்பேர்னில்தான் இருக்கிறான். அவன் பொக்ஸில் எழுதியிருந்த பெயரைப் பார்த்துவிட்டு ஓடி வந்தான்.

"அண்ணன், நீங்களா அது? எங்கட கோயில் திருவிழாவுக்கு நீங்கதானே வருசம் வருசம் போட்டனீங்க. உறுமாத பொக்ஸ் எண்டு எங்கட அப்பா இப்பவும் போன்ல சொல்லுவார்."

றாஸிக்கின் கை அப்போது அம்ப்ளிபயருக்குப் பின்னால் இருந்தது. ஏர்த் வயரின் திருகாணியைத் தளர்த்திக்கொண்டிருந்தார்.

அஸர் முடிந்து சனம் நிறைந்தது. மைக்கைத் திறந்தார்கள். கடற்கரை முழுவதும் கருவண்டு பறந்தது. உறுமல் என்றால் அப்படி ஓர் உறுமல். றாஸிக் மிக்ஸரில் இருந்து அம்ப்ளிபயருக்கும், அம்ப்ளிபயரிலிருந்து பொக்ஸுக்கும், பொக்ஸிலிருந்து மிக்ஸருக்கும் நடந்தார். ஒவ்வொரு வயராகக் கழற்றி ஊதி மாட்டினார். எங்கே பிழை என்று உலகத்திலேயே அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அந்த இடத்தைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் தேடினார். நெற்றியிலிருந்து வழிந்த வியர்வை மட்டும் உண்மையானது. தன் பொக்ஸ் உறுமுவதைத் தன் காதாலேயே கேட்டுக்கொண்டு நிற்பது, சொந்தப் பிள்ளையைச் சந்தியில் வைத்து யாரோ அடிக்கப் பார்த்துக்கொண்டு நிற்பது போல இருந்தது. அப்படியும் கை அந்தத் திருகாணிக்குப் போகவில்லை.

"என்ன காக்கா, மீன் விக்கப் போறயளா?" என்று ஸஹீத் மேடைக்குக் கீழே நின்று கத்தினார். முன்வரிசை சிரித்தது.

பொழுது போதுமான அளவு சரிந்ததும் றாஸிக் திருகாணியை இறுக்கினார். உறுமல் நின்றது. சனம் கைதட்டியது.

இன்பாஸ் பாடினான். றாஸிக் அவன் மோசமாகப் பாடுவான் என்று நம்பியிருந்தார். வெளிநாட்டில் கொஞ்சம் கிட்டார் தட்டத் தெரிந்தவன் ஊருக்கு வந்தால் ஆஹா என்பார்கள் என்பதுதான் அவருடைய கணக்கு. ஆனால் மிக்ஸருக்குப் பின்னால் இருக்கும் காது பொய் சொல்லாது. அவனுடைய குரல் கீழே இறங்கும்போது உடைவதில்லை. மேலே ஏறும்போது கத்துவதில்லை. மைக்கை எவ்வளவு தூரத்தில் பிடிக்க வேண்டும் என்று தெரிந்தவன். றாஸிக்கின் கை அவரைக் கேட்காமலே அந்தக் குரலுக்கு ஏற்ற இடத்துக்குப் பட்டனை நகர்த்தியது. நல்ல குரலைக் கெடுக்க அவருடைய விரல்களுக்குத் தெரியவில்லை. பையன்கள் மணலில் குதித்தார்கள். தூரத்தில் இரண்டு தோணிகள் வலிப்பதை நிறுத்திவிட்டு நின்றன.

"இனிக் கடைசிப் பாட்டு" என்றான் இன்பாஸ். கூட்டம் "குட! குட!" என்று எழும்பியது. கிட்டாரில் இரண்டு தரம் இழுத்தான். அந்த நேரம் பெரிய பள்ளியில் பாங்கு தொடங்கியது.

றாஸிக் பட்டனை இறக்கக் கையை வைத்தார். அதற்கு முந்தியே இன்பாஸ் தந்தியை உள்ளங்கையால் அமர்த்திவிட்டான். கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு மேடைப் பலகையிலேயே தலையைக் குனிந்து உட்கார்ந்தான். ஒரு பள்ளி முடிய அடுத்த பள்ளி, அது பாதியில் நிற்க மற்றது என்று, கரை நெடுகப் பாங்கு போய்க்கொண்டே இருந்தது. கடைசிப் பள்ளி முடியும்வரை அவன் எழும்பவில்லை. பிறகு கூட்டத்தைப் பார்த்து நெஞ்சில் கை வைத்துவிட்டு இறங்கினான்.

பாட்டு நடக்கவில்லை. றாஸிக் வென்றுவிட்டார். அந்தச் சந்தோசம் தொழுது முடிந்து பள்ளி வாசலுக்கு வரும்வரைதான் இருந்தது.

"பாத்தியளா? வெளிநாட்டில கிடந்தும் எவ்வளவு மரியாத தெரிஞ்ச புள்ள!" என்றார் செருப்புத் தேடிக்கொண்டிருந்த ஒரு பெரியவர்.

"மாஷா அல்லாஹ். நான்கூட என்னமோ எண்டு நினைச்சன்" என்றார் இன்னொருவர். "ஆனா ஒண்டு, றாஸிக்குட பொக்ஸ் இப்பிடி உறுமி நான் கேட்டதில்ல. வயசு போகுதாக்கும்."

வீட்டுக்கு வந்தால் ஆயிஷா உம்மா உரல், உலக்கை, மசாலா என்று குசினியைப் புரட்டிக்கொண்டிருந்தார். இன்பாஸ் போன் எடுத்திருக்கிறான். மட்டக்களப்புக்குப் போகும் வழியில் மறுநாள் பகல் சாப்பாட்டுக்கு மாமி வீட்டுக்கு வருகிறானாம். முஸ்பிறா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர். வெங்காயத்தால்தான். ஆனாலும் றாஸிக் இரண்டு தரம் பார்த்தார்.

மறுநாள் இன்பாஸ் வந்தான், பிரசாந்தும் கூட வந்தான். முன் வாசல் நிலைக்குக் கீழே இன்பாஸ் நுழைந்தபோது அவனுடைய தலைக்கும் நிலைக்கும் இடையில் ஒரு கை அளவு இடம். மேசன் சரியாகத்தான் வைத்திருக்கிறார். ஆயிஷா உம்மா அதைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததும் றாஸிக்குக்குக் கேட்டது.

பாய் விரித்து மூவரும் உட்கார்ந்தார்கள். கோழி ஆணம், பொரித்த பாரை மீன், கத்தரிக்காய்ப் பொரியல், முடிவில் எருமைத் தயிர். கோழிக்கால் எந்தச் சோற்றுக் கோப்பைக்குப் போகிறதென்று றாஸிக் கண்ணை எடுக்காமல் பார்த்தார். ஒன்று இன்பாஸுக்குப் போனது. மற்றது பிரசாந்துக்கு. வீட்டு மருமகனுக்குக் கழுத்து.

"நேத்து உன்ட பாட்டு ஒண்டும் இஞ்ச கேக்கல்லடா மனே" என்றார் ஆயிஷா உம்மா. "கடலுக்கா படிச்ச நீ?"

"மேடை கடலப் பாத்துக் கிறுகி நிண்டிச்சு மாமி."

"ஆர் கிறுக்கின? சரி, அது கிடக்கட்டும். அந்தக் குடப் பாட்ட இஞ்ச படி, கேப்பம்."

றாஸிக் சோற்றுக் கையை உயர்த்தித் தடுத்தார். "மாமி, சாப்பிட்ட வகுத்தோட படிச்சா மூச்சு முட்டும் அவருக்கு" என்றார்.

"உங்களயா மருமகன் படிக்கச் சொன்ன?" என்றார் ஆயிஷா உம்மா.

றாஸிக் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பகல் ளுஹர்த் தொழுகை எப்போதோ முடிந்திருந்தது. அஸருக்கு இன்னும் நிறைய நேரம் கிடந்தது. எந்தப் பள்ளியும் உதவிக்கு வராது. பிரசாந் கை கழுவிவிட்டு வேனுக்குப் போய்ச் சாதாரணக் கிட்டார் ஒன்றை எடுத்து வந்தான். ஊருக்கு முன்னால் நடக்கக் கூடாது என்று அவர் தடுத்த பாட்டு, அவருடைய வீட்டு முன்சாலைக்குள், அவருடைய பாயில் வந்து உட்கார்ந்துகொண்டது. குசினிக்கும் சாலைக்கும் நடுவே தொங்கிய திரை ஒரு தரம் அசைந்தது. முஸ்பிறா அதற்குப் பின்னால் நிற்கிறாள்.

பல்லவி வந்தது. ஊரெல்லாம் கேட்டது அதுதான். முதல் சரணத்தில் தெரு, ரியூசன், வெயில். இரண்டாவதில் ஆளைக் காணாத மாலைப்பொழுதுகள். றாஸிக் பாயின் ஓரத்துப் பன் புல்லை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது சரணத்துக்கு இன்பாஸ் குரலை இறக்கினான்.

*கரியரில ஹோனக் கட்டிக் கட்டையன் ஒருத்தன் வந்தான்,*
*காணாமப் போன ஆட்டக் கத்திக் கத்திச் சொன்னான்.*
*எனக்குக் கிறுகாத குட அவனுக்குக் கிறுகிச்சு,*
*எட்டு ஊரில பாடினாலும் எரியிது என்ட நெஞ்சு.*

றாஸிக் பன் பிய்ப்பதை நிறுத்தினார்.

இது நடந்தது அவர் பொக்ஸ் வாங்குவதற்கெல்லாம் முந்தி. சைக்கிள் கரியரில் ஒரு ஒலிபெருக்கி ஹோனையும் பற்றரியையும் கட்டிக்கொண்டு, மரண வீட்டு ஜனாஸா அறிவித்தல், காணாமல் போன சாமான், கழகத்துக் கிரிக்கெட் மெச் என்று தெருத்தெருவாகச் சொல்லித் திரிந்த காலம். அன்றைக்கு அவர் பள்ளித் தெருவில் அறிவித்தது ஆயிஷா உம்மாவின் ஆடு. கறுப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளை. எதிரே பச்சைக் குடை போய்க்கொண்டிருந்தது. அவருடைய சத்தத்துக்குக் குடை சட்டெனத் திரும்பியது. முஸ்பிறா அவரைப் பார்த்தாள், சிரித்தாள், ஏதோ சொன்னாள். சந்தியில் நின்ற இன்பாஸ் கண்டது அவ்வளவும்தான்.

அவள் சொன்னது அவனுக்குக் கேட்டிருக்காது. "ஆடு உங்களுக்குப் பின்னாலதான் வருது" என்றாள். ஹோனின் சத்தத்துக்கோ என்னவோ, அந்த ஆடு ஓர் ஒழுங்கையில் இருந்து வெளிப்பட்டு, தன்னைக் காணவில்லை என்று சொல்லிக்கொண்டு போன சைக்கிளின் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது.

இவ்வளவு வருடமாக இவன் ஓர் ஆட்டின்மீது பொறாமைப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறான். றாஸிக் அதைச் சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டார்.

"அந்தக் கட்டையன் ஆரெண்டு இவன் எங்களுக்கும் சொன்னதில்ல அண்ணன்" என்றான் பிரசாந். அவரையும் அவருடைய உயரத்தையும் ஒரு தரம் பார்த்தான். "இப்ப விளங்குது."

"கோவிக்காதீங்க காக்கா" என்றான் இன்பாஸ். "இந்தப் பாட்ட இந்த ஊரில, உங்கட பொக்ஸில, உங்களுக்கு முன்னால படிக்கணும் எண்டுதான் இந்தப் பயணத்தில ஊரச் சேர்த்த. மெனேஜர் வேணாம் எண்டான், நான் விடல்ல. நேரம்தான் காணாமப் போயித்து."

"ஓம் தம்பி. நேரம்... காணாமத்தான் போயித்து" என்றார் றாஸிக். அவருடைய குரலுக்கே உறுமல் வந்திருந்தது.

வேன் போனதும் அவர் நேரே ஸஹீதின் கடைக்குப் போனார். தேத்தண்ணி சொல்லாமலே தொடங்கினார்.

"அந்தப் பாட்டில மூணாவது சரணம் ஒண்டு இரிக்கி."

"எந்தப் பாட்டில?"

"குடப் பாட்டில. அதில ஒரு ஆள் வாறாரு. சைக்கிள்ள."

"சைக்கிளா? பொறுங்க." ஸஹீத் தொலைபேசியைத் தட்டினார். பல்லவி பாடியது. முடிந்தது. மறுபடியும் பல்லவி தொடங்கியது. "இதில இவ்வளவுதான் இரிக்கி காக்கா."

"முழுப் பாட்டையும் எடு. அது நீளம். கடைசிக்கிட்ட வரும்."

"ஆர் அவ்வளவு நேரம் இரிந்து கேக்கிற? நேத்து படிச்சிருந்தா எல்லாரும் கேட்டிருப்பம். உங்கட பொக்ஸ்தானே உறுமிக் கெடுத்திச்சு!"

பக்கத்து மேசையில் இருந்தவர் பல்லவியை வாயால் தொடர்ந்தார். *உசிர் பாதி அதோட போகுது.* றாஸிக்கைப் பார்த்துக் கண்ணும் அடித்தார். ஊருக்கு இனி அந்தப் பாட்டு என்றால் அந்த இரண்டு வரிதான். மூன்றாவது சரணத்தை ஊர் கேட்காமல் செய்தது யார் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். இன்று மாலை மட்டக்களப்பில் அதைப் பாடுவான். வேறு யாரோ ஒருவனுடைய பொக்ஸில் இருந்து, முழுச் சனத்துக்கும் முன்னால், கட்டையன் ஹோனைக் கட்டிக்கொண்டு வருவான். பேர் தெரியாத அந்தச் சவுண்ட்காரன்மீது அவருக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

வீட்டுக்கு வந்தபோது முஸ்பிறா சாலையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். பாயின் ஓரத்தில் பிய்ந்து கிடந்த பன் துண்டுகளை எடுத்து அவருக்குக் காட்டினாள்.

"எலி கடிச்ச மாதிரி இரிக்கி."

அவர் கதிரையில் உட்கார்ந்தார். "அந்த மூணாவது சரணத்த நீ இண்டைக்கா முதல்ல கேட்ட?"

"இல்ல. பாட்டு வந்த அண்டைக்கே முழுக்கக் கேட்டன்."

"அப்ப ஏன் எனக்குச் சொல்லல்ல?"

"நீங்க கேட்டாத்தானே. பகல்ல வந்து வந்து குசினிக்க எட்டிப் பாத்தீங்க. ஒரு நாளாவது வாயத் திறந்து கேட்டயளா?" அவள் தும்புத்தடியைச் சுவரில் சாத்தினாள். "உங்கட பொக்ஸ் சும்மா உறுமாது எண்டும் எனக்குத் தெரியும்."

றாஸிக் தெருப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தெருவில் போன ஓட்டோச் சத்தம் முழுவதும் போய் முடிந்தது.

"பாவம் இன்பாஸ் மச்சான்" என்றாள் முஸ்பிறா. "நான் ஆட்டுக்குத்தானே கிறுகின. அத ஆராவது அவருக்கு அப்பவே சொல்லியிருக்கலாம்."

"சொல்லாத!" றாஸிக் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். "ஒரு நாளும் சொல்லாத. லண்டன் வரைக்கும் போகட்டும் அது."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் மீண்டும் உட்கார்ந்தார். பிறகு, கேட்கப் பயந்துகொண்டிருந்த கேள்வியைத் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"ஆட்டுக்கு மட்டும்தானா கிறுகின?"

"அண்டைக்கு ஆட்டுக்குத்தான்."

"ம்."

"அடுத்த நாளும் நீங்க அதே தெருவால வந்தீங்க. ஆடு கிடைச்சித்து, ஆடு கிடைச்சித்து எண்டு ஹோனில சொல்லிக்கொண்டு. கிடைச்ச ஆட்டுக்கு ஆராவது அறிவித்தல் கொடுப்பாங்களா?"

"நான் சும்மாதான்..."

"அண்டைக்கு நான் குட கொண்டு வரல்ல" என்றாள் முஸ்பிறா.

பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அவள் உள்ளே போனாள். அன்றைக்கு மண்டையைப் பிளக்கிற வெயில் என்பது றாஸிக்குக்கு நன்றாக நினைவிருந்தது.